வரியிலிருந்து பக்கத்துக்கு: இருமொழி மலருக்குக் கட்டம் போடும் கணக்கு

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறவனுக்கு எந்தப் பக்கமும் ஒரு மொழியோடு முடிவதில்லை. மாரியம்மன் பூச்சாட்டு நோட்டீஸ் ஆனாலும் வாசகசாலை ஆண்டு மலர் ஆனாலும் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் வாழ்த்துரை மலையாளத்தில் வரும், கோயில் தலவரலாறு தமிழில் வரும், விளம்பரம் பொள்ளாச்சியிலிருந்து ஒன்றும் சித்தூரிலிருந்து ஒன்றும் வரும். எல்லாம் ஒரே தாளில் சண்டை போடாமல் உட்கார வேண்டும்.

நான் முதலில் செய்த மலர் 64 பக்கம், ஏ4 அளவு. எல்லாவற்றையும் கண்மதிப்பில் வைத்தேன். திரையில் நன்றாகத்தான் இருந்தது. அச்சாகி, பக்கவாட்டில் பின் அடித்து வந்தபோது ஒவ்வொரு வரியிலும் உள்பக்கத்து எழுத்து ஒன்று பின்னுக்குள் போயிருந்தது. அருகருகே இருந்த தமிழ்ப் பத்தியும் மலையாளப் பத்தியும் அரை வரி ஏறி இறங்கி நொண்டின. 23 கமிட்டி உறுப்பினர்களின் படங்கள் 23 அளவில் இருந்தன. அச்சகத்தின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கொடுத்ததைத்தான் அவர்கள் அச்சடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கட்டம் போட்டு, அதாவது பக்கத்தை முதலில் கோடுகளால் பிரித்துக்கொண்டு, வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்க விகிதத்தில் தொடங்குவார்கள். 1.618 என்பார்கள், ஒரு நத்தைச் சுருளைப் படத்தின்மேல் ஒட்டுவார்கள். சுருளை எந்தப் படத்தின்மேல் ஒட்டினாலும் எங்கோ ஓரிடத்தில் பொருந்தத்தான் செய்யும். நான் தொடங்குவது வரியில். உங்கள் எழுத்துக்கு ஒரு வரி எவ்வளவு உயரம் கேட்கிறதோ, அதுதான் பக்கத்தின் அலகு. ஓரம், பத்தி, படம், தலைப்பு எல்லாம் அந்த அலகின் மடங்குகள். கீழே வருவது முழுக்க அந்த ஒரு கணக்குதான். ஏ4 மலரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தாள்

கணினியைத் திறக்கும் முன் அச்சகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வெட்டியபின் கையில் நிற்கும் அளவு என்ன? பைண்டிங் எப்படி: நடுவில் பின்னா, பக்கவாட்டில் பின்னா, பசையா? பக்கவாட்டுப் பின் என்றால் உள் ஓரத்தில் 8 முதல் 10 மில்லிமீட்டர் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் மலர் போன இடம் அதுதான்.

ஏ4 என்பது 210 × 297 மி.மீ. உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1.414, அதாவது √2. இந்த விகிதத்தில் உள்ள தாளைப் பாதியாக மடித்தாலும் அதே விகிதம் கிடைக்கும். வேறெந்த விகிதத்துக்கும் இந்தக் குணம் கிடையாது. ஜெர்மானிய அறிஞர் லிச்டன்பெர்க் 1786-இல் ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். 1922-இல் ஜெர்மனி இதைத் தர அளவாக்கியது, பிறகு உலகின் பெரும்பாலான நாடுகள் எடுத்துக்கொண்டன. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், அதில் 16 ஏ4 அடங்கும். ஆகவே 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் ஒரு ஏ4 சரியாக 5 கிராம். 64 பக்க மலர் என்றால் 32 தாள், அட்டை நீங்கலாக 160 கிராம். தபாலில் அனுப்பப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

இன்னொரு விஷயம். √2-ஐ எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் ஓடும், அதை வைத்து அளக்க முடியாது. ஆனால் அதை நெருங்கிப் போகும் முழு எண் ஜோடிகள் இருக்கின்றன: 1:1, 2:3, 5:7, 12:17, 29:41, 70:99. ஒரு ஜோடியின் இரண்டு எண்களையும் கூட்டினால் அடுத்த ஜோடியின் சிறிய எண். அதோடு பழைய சிறிய எண்ணைக் கூட்டினால் பெரிய எண். 70-ஐயும் 99-ஐயும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 210, 297. நம் ஏ4 தாளேதான். 29:41 ஜோடியை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்து நிற்கும்.

வரியின் உயரம்

தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். கி, கீ, மீ என்று வளைவு மேலே போகும், மூ, ழு, ஞ என்று வால் கீழே இறங்கும், போதாததற்குப் புள்ளி. மென்பொருள் தானாகப் போடும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 11 பாயிண்ட் (ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட்) எழுத்துக்கு 13.2 பாயிண்ட் வரி என்றால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் வளைவும் முட்டிக்கொள்ளும். மலையாளத்தில் இன்னும் மோசம். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய லிபியில், கூட்டெழுத்துகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். ரச்சனா போன்ற எழுத்துருவில் அதைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் ஆந்திர எல்லையில் நகரி, புத்தூரில் தமிழோடு தெலுங்கு சேர்த்து அடிப்பவர்களுக்கும் இதே பாடுதான். தெலுங்கு மெய்க்கூட்டின் இரண்டாம் எழுத்து அடியில் போய் உட்காரும்.

அதனால் வரி உயரத்தை முடிவு செய்ய வேண்டியது இரண்டு மொழிகளில் எது அதிக இடம் கேட்கிறதோ அதுதான். சோதிப்பது எளிது. மேல் வரியில் கீழே இறங்கும் எழுத்துகளாகவும், கீழ் வரியில் மேலே ஏறும் எழுத்துகளாகவும் போட்டு, இரண்டு மொழியிலும் உண்மையான அளவில் தாளில் அடித்துப் பாருங்கள். திரையை நம்பாதீர்கள். நான் சோதித்த அளவில், 11 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்டுக்குக் குறைந்தால் முட்டல் தொடங்குகிறது, 17-ஐத் தாண்டினால் வரிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன.

இந்த இடைவெளிக்குள் தாளை மிச்சமில்லாமல் வகுக்கும் ஓர் எண் வேண்டும். 297-ஐ 5.5-ஆல் வகுத்தால் சரியாக 54. அப்படியானால் வரி உயரம் 5.5 மி.மீ., பாயிண்டில் 15.59. எழுத்தின் 11-ஐ √2-ஆல் பெருக்கினாலும் 15.56தான் வருகிறது. இந்தக் கணக்கு முதலில் கைக்கு வந்தபோது வேலையை நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன்.

சரி, பக்கம் இப்போது 54 வரி. இனி மில்லிமீட்டரை மறந்து வரியிலேயே யோசிக்கலாம்.

ஒன்றைக் கூட்டிப் பார்

54 வரியில் எழுத்துக்கு எத்தனை, ஓரத்துக்கு எத்தனை? இங்கே ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. பக்கத்தைப் படுக்கை வரிசைகளாகப் பிரித்து, வரிசைகளுக்கு நடுவே ஒரு வரி காலியாக விடப்போகிறோம். ஆறு வரிசை என்றால் ஐந்து இடைவெளி. ஆகவே எழுத்துப் பகுதியின் வரி எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண், பல வழிகளில் வகுபட வேண்டும்.

44 வரி வைத்தால் 45. அது 5-ஆலும் 9-ஆலும் வகுபடும், இரண்டால் வகுபடாது, பக்கத்தைப் பாதியாக்க முடியாது. 47 வைத்தால் 48, அருமையான எண், ஆனால் மேலும் கீழும் சேர்த்து ஏழு வரிதான் மிஞ்சும், பக்கம் நெரியும். 41 வைத்தால் 42. இரண்டு, மூன்று, ஆறு, ஏழு என எல்லாவற்றாலும் வகுபடும். ஓரத்துக்கு 13 வரி மிஞ்சுகிறது. மேலே 5, கீழே 8. 5, 8, 13 மூன்றும் பிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை அது, அதில் பக்கத்துப் பக்கத்து எண்களின் விகிதம் தங்க விகிதத்தை நெருங்கிப் போகும். தங்க விகிதத்தை நான் பயன்படுத்துவது இந்த இடத்தில்தான், அதுவும் அது முழு வரிகளாக வந்து உட்கார்ந்ததால்.

ஆக மேல் ஓரம் 27.5, எழுத்துப் பகுதி 225.5, கீழ் ஓரம் 44 மி.மீ. கூட்டினால் 297. கீழே இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். பக்க எண் அங்கேதான் வரும், படிக்கிறவர் கட்டைவிரலும் அங்கேதான் இருக்கும். மேலும் கீழும் சமமாக விட்டால் எழுத்துப் பகுதி பக்கத்துக்குள் சரிந்து விழுவதுபோல் தெரியும். சட்டம் போட்ட படத்தில் கீழே சற்று அகலமாக விடுகிறார்களே, அதே காரணம்.

நூலும் சாய்வுக் கோடும்

ஓரங்களுக்கு வேறொரு பழைய வழியும் இருக்கிறது. நாவல், கவிதைத் தொகுப்பு போல ஒரே பத்தியில் ஓடும் புத்தகத்துக்கு அது மிகவும் பொருந்தும். 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வில்லார் த ஒன்கூரின் பெயரில் வழங்குவது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வான் டே கிராஃப், யான் சிகோல்ட் இருவரும் பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களை ஆராய்ந்து, இதை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேலில் எண்ணே தேவையில்லை. எங்கள் ஆசாரி ஒருவருக்குக் காட்டினேன், முழக்கோலைக் கீழே வைத்துவிட்டு நூலை எடுத்துவிட்டார்.

விரித்த இரண்டு பக்கங்களை வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கத்தின் கீழ் வெளிமூலையிலிருந்து வலப்பக்கத்தின் மேல் வெளிமூலைக்கு ஒரு நூல். அடுத்து வலப்பக்கத்துக்கு மட்டும் ஒரு நூல், நடுத் தண்டின் மேல்நுனியிலிருந்து கீழ் வெளிமூலைக்கு. இரண்டும் வெட்டும் புள்ளி, பக்கத்தின் சரியாக மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். அங்கிருந்து நேராக மேலே ஏறிப் பக்கத்தின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இடப்பக்கத்திலும் இதேபோல் வெட்டும் புள்ளி ஒன்று இருக்கும் அல்லவா, மேல் விளிம்பில் தொட்ட இடத்திலிருந்து அதற்கு ஒரு நூல் இழுங்கள். அது வலப்பக்கத்தின் சாய்வு நூலைக் கடக்கும் இடம் ஒன்பதில் ஒரு பங்கு. எழுத்துப் பகுதியின் மேல் உள்மூலை அதுதான். அங்கிருந்து சாய்வு நூல் வழியே ஒன்பதில் ஏழு பங்கு வரை போனால் கீழ் வெளிமூலை.

உள் ஓரம் 1/9, மேல் 1/9, வெளி 2/9, கீழ் 2/9. பக்கம் 2:3 விகிதத்தில் இருந்தால் நான்கு ஓரங்களும் 2:3:4:6 என்று நிற்கும். எழுத்துப் பகுதியின் உயரமும் பக்கத்தின் அகலமும் ஒன்றாகிவிடும். நூல் இல்லாவிட்டால் ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். 210 மி.மீ. அகலத் தாளில் பூஜ்யம் ஒரு விளிம்பிலும் 22.5 செ.மீ. மறு விளிம்பிலும் படும்படி சாய்த்து, 2.5 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் ஒன்பது சமபங்கு.

நம் ஏ4-இல் இதைச் செய்தால் ஒன்பதில் ஒரு பங்கு உயரம் 33 மி.மீ., சரியாக ஆறு வரி. எழுத்துப் பகுதி 140 × 198 மி.மீ., 36 வரி. அழகுதான். ஆனால் மலர்க் கமிட்டியிடம் இதைக் கொண்டுபோனபோது செயலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, பாதிப் பக்கம் சும்மா கிடக்குதே, இதுல ரெண்டு விளம்பரம் போட்டிருக்கலாமல்லங்க?” என்றார். அவர் சொன்னதும் நியாயம். தாளின் பரப்பில் பாதிக்கும் குறைவுதான் எழுத்துக்குக் கிடைக்கிறது. மலருக்கு 5:8 ஓரம் போதும்.

டெமி 1×8 புத்தகம் செய்கிறவர்கள் ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டாகப் பிரியுங்கள். 140 × 210 மி.மீ.க்கு வெட்டச் சொன்னால் 2:3 சுத்தமாக வரும். எழுத்துப் பகுதி 105 × 157.5 மி.மீ. வரி உயரம் 5.25 மி.மீ. வைத்தால் 30 வரி, எழுத்து 10.5 பாயிண்ட். உள் ஓரம் மட்டும் 12 மி.மீ.க்கும் குறைவாக வருவதால், பசை பைண்டிங் என்றால் எழுத்துப் பகுதியை 4, 5 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளுங்கள். விதியைக் காப்பாற்றப் போய் எழுத்தைப் பைண்டிங்குக்குள் விடக்கூடாது.

நின்ற பத்திகள்

மலருக்குத் திரும்புவோம். அகலத்தை ஆறு பத்திகளாகப் பிரிக்கிறேன். ஆறு என்றால் மூன்றும் மூன்றும், இரண்டிரண்டாக மூன்று, நான்கும் இரண்டும் என்று எல்லாப் பிரிவும் கிடைக்கும். பத்தி இடைவெளி ஒரு வரி உயரமே, 5.5 மி.மீ. படுக்கை இடைவெளியும் நெடுக்கை இடைவெளியும் ஒன்றாக இருந்தால்தான் நான்கு படங்களை அடுக்கும்போது நடுவில் சீரான சிலுவை விழும்.

ஒரு பத்தி 22 மி.மீ., அதாவது நான்கு அலகு. ஆறு பத்தி 24 அலகு, ஐந்து இடைவெளி ஐந்து அலகு, மொத்தம் 29. உயரம் 41 வரி. இதோ வந்துவிட்டது 29:41. எழுத்துப் பகுதி 159.5 × 225.5 மி.மீ., தாளின் அதே விகிதம். அகலத்தில் மிஞ்சுவது 50.5 மி.மீ. நான் உள்ளே 19.5, வெளியே 31 விடுகிறேன். பக்கவாட்டுப் பின் என்றால் 25, 25.5 என்று மாற்றிக்கொள்ளலாம். பின் தின்றதுபோகக் கண்ணுக்குப் பழைய விகிதமே தெரியும்.

ஒவ்வொரு கட்டமும் இப்போது 22 மி.மீ. அகலம், ஆறு வரி, அதாவது 33 மி.மீ. உயரம். 2:3. பக்கத்தில் மொத்தம் 36 கட்டங்கள்.

அகலங்களுக்கு ஒரு வாய்ப்பாடு சொல்கிறேன், சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பத்தி ஒன்று முதல் ஆறு வரை சேர்த்தால் 4, 9, 14, 19, 24, 29 அலகு. வரிசை ஒன்று முதல் ஆறு வரை சேர்த்தால் 6, 13, 20, 27, 34, 41 வரி. படமோ விளம்பரமோ பெட்டியோ எதுவானாலும் முதல் வரிசையில் ஓர் எண், இரண்டாம் வரிசையில் ஓர் எண். இந்த இரண்டுக்கும் வெளியே பக்கத்தில் எதற்கும் அளவு கிடையாது.

மென்பொருளில்

இன்டிசைனில் பேரண்ட் பக்கத்தில் (பழைய பதிப்புகளில் மாஸ்டர் பக்கம்) ஓரங்களைக் கொடுத்துவிட்டு, லேஅவுட் மெனுவில் கிரியேட் கைட்ஸ் திறந்து வரிசை 6, பத்தி 6, இடைவெளி 5.5 மி.மீ. போடுங்கள். ஓரத்துக்குள் பொருத்து என்பதைத் தேர்வது முக்கியம், விட்டால் முழுத் தாளையும் பிரித்துவிடும். பிறகு பிரிஃபரன்சில் பேஸ்லைன் கிரிட் (எழுத்து நிற்கும் அடிக்கோடுகள்): மேல் ஓரத்திலிருந்து தொடக்கம் பூஜ்யம், இடைவெளி 5.5 மி.மீ. பத்தி ஸ்டைலில் வரி இடைவெளியை 15.59 பாயிண்ட் என்று கையால் கொடுத்து, பேஸ்லைனில் ஒட்டும்படி வையுங்கள். எழுத்துச் சட்டத்தின் அமைப்பில் முதல் வரி எங்கே தொடங்க வேண்டும் என்பதை லீடிங் (வரி இடைவெளி) என்று மாற்றுங்கள். இல்லையென்றால் முதல் வரி தன் இஷ்டத்துக்கு எங்காவது நிற்கும்.

பத்தி கோக்கும் முறையை வேர்ல்டு-ரெடி கம்போசர் ஆக்க மறந்தால் மலையாளக் கூட்டெழுத்து உடையும், தமிழில் கொம்பு இடம் மாறும். இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 இந்த வேலை எல்லாவற்றையும் செய்யும். கோரல்டிராவில் பழகியவர்கள் ஒரு பக்க நோட்டீசுக்கு அதிலேயே இருக்கலாம், அதிலும் பேஸ்லைன் கட்டம் உண்டு. 64 பக்க மலருக்கு வேண்டாம்.

இரண்டு மொழியும் ஒரே கோட்டில்

எல்லையில் வேலை செய்கிறவனுக்குக் கட்டத்தின் உண்மையான பலன் இங்கேதான். தமிழும் மலையாளமும் அருகருகே ஓடும்போது இரண்டின் அடிக்கோடும் ஒன்றாக நின்றால், மொழி தெரியாதவர் கண்ணுக்கும் இரண்டும் ஒரே பக்கம் என்று படும்.

எழுத்தளவை மட்டும் எண்ணால் சமப்படுத்தாதீர்கள். 11 பாயிண்ட் தமிழும் 11 பாயிண்ட் மலையாளமும் எழுத்துருவைப் பொறுத்து வேறு வேறு உயரத்தில் இருக்கும். தமிழ் ‘ப’வையும் மலையாள ‘ப’வையும் பக்கத்தில் வைத்து 400 விழுக்காடு பெரிதாக்கி, இரண்டின் உயரமும் ஒன்றாகும் வரை ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். சில ஜோடிகளில் அரை பாயிண்ட் வித்தியாசம் போதும், சிலவற்றில் ஒன்றரை வரை போகும். வரி உயரம் மட்டும் இரண்டுக்கும் 15.59-ஐ விட்டு அசையக்கூடாது. தடிப்பையும் பாருங்கள். ஒன்று கறுத்தும் மற்றது வெளுத்தும் இருந்தால் வெளுத்த மொழிக்காரர் கேட்பார். எனக்கு நேர்ந்திருக்கிறது.

பாதிக்குப் பாதி என்று மூன்றும் மூன்றுமாகப் பிரித்தால் ஒரு பத்தி 77 மி.மீ. 11 பாயிண்டில் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் கொள்ளும். தமிழும் மலையாளமும் சொல்லை ஒட்டி ஒட்டி நீட்டுகிற மொழிகள். இந்த அகலத்தில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும், ஓட்டைகள் வரிக்கு வரி சேர்ந்து பக்கத்தில் வாய்க்கால் வெட்டும். இடப்பக்கம் மட்டும் சமன் செய்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுங்கள். நீளமான கட்டுரைக்கு நான்கு பத்தி சேர்த்து 104.5 மி.மீ. எடுத்தால் ஐந்து சொல் வரை வரும், அப்போது இருபுறமும் சமன் செய்யலாம். மிஞ்சிய இரண்டு பத்தியில் படக்குறிப்பு, ஆண்டு விவரம், சின்னப் படங்கள். தமிழில் வரிக் கடைசியில் சொல்லை எந்த எழுத்திலும் உடைக்கலாம், இணைப்புக்கோடு போடாமலேயே. ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. மென்பொருள் இதைத் தவறவிடும், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு ஒரே நீளத்தில் வராது. தமிழ் 31 வரியில் முடிந்து மலையாளம் 34 வரி ஓடினால் மூன்று வரியை இழுத்து நிரப்ப வேண்டாம், காலியாக விடுங்கள். அடுத்த செய்தி இரண்டுக்கும் ஒரே வரிசையில் தொடங்கினால் போதும்.

தலைப்பு

எழுத்தளவுகளும் √2 படியில் ஏறட்டும்: 11, 15.5, 22, 31, 44. இரண்டு படிக்கு ஒருமுறை அளவு இரட்டிக்கும். 22 பாயிண்ட் தலைப்பு இரண்டு வரி உயரத்தில் நிற்கும், 31 மூன்றில், 44 நான்கில். 15.5 உள்தலைப்பு ஒரு வரியில் முடிந்தால் ஒரு வரி உயரமே போதும், மேலே ஒரு வரி காலி விடுங்கள். இரண்டு வரிக்குப் போகிற உள்தலைப்பை நான் வெட்டிச் சுருக்கிவிடுவேன்.

கீழே இறங்கும்போது கணக்கை விட்டுவிடுகிறேன். 11-ஐ √2-ஆல் வகுத்தால் 7.8. அந்த அளவில் தமிழைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். படக்குறிப்புக்கு 9 பாயிண்ட், வரி உயரம் 11.7. அப்போது நான்கு குறிப்பு வரிகள் மூன்று கட்டுரை வரிகளுக்குச் சமமாகி, நான்காவது வரியில் மறுபடி கோட்டோடு சேர்ந்துகொள்ளும்.

படமும் விளம்பரமும்

வாய்ப்பாட்டில் 9 × 6, 19 × 13, 29 × 20 ஆகியவை கிடைமட்டப் படத்துக்கு. 4 × 6, 9 × 13, 14 × 20 ஆகியவை நெட்டுப் படத்துக்கு. எல்லாம் கேமராவின் 3:2 விகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன, கொஞ்சம் ஓரம் நறுக்கினால் போதும். போனில் எடுத்த 4:3 படத்தில் சற்று அதிகம் போகும். கமிட்டி உறுப்பினர் படம் ஒரு கட்டம், 22 × 33 மி.மீ. அனைவருக்கும் அதே அளவு. தலைவருக்குப் பெரிதாக வேண்டும் என்பார்கள். சரி, 9 × 13 கொடுங்கள். ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை மடங்கு என்ற பேரம் மட்டும் கிடையாது.

படத்தின் அடி விளிம்பு எழுத்தின் அடிக்கோட்டில் நிற்கும். மேல் விளிம்பைக் கட்டத்தின் மேல் கோட்டில் விட்டால் பக்கத்துப் பத்தியின் எழுத்தைவிடப் படம் உயர்ந்து தெரியும். ‘ப’வின் தலை உயரத்துக்கு அதை இறக்குங்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

மலருக்குச் செலவைக் கொடுப்பது விளம்பரம். முழுப் பக்கம் 29 × 41, அரைப் பக்கம் 29 × 20, கால் பக்கம் 14 × 20. மூன்றும் கிட்டத்தட்ட √2. கடைக்காரர்கள் ஏ4 அல்லது ஏ5 அளவில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் விளம்பரத்தை இழுக்காமல், நசுக்காமல், சுருக்கி அப்படியே உட்கார வைக்கலாம். பொள்ளாச்சி வரை போய் வடிவமைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சிய காலம் இதோடு முடிந்தது.

கட்டத்தை மீறலாமா? மீறலாம், ஒரு மலரில் இரண்டு இடத்தில். தேர் இழுக்கும் படத்தை ஓரம் தாண்டித் தாளின் விளிம்பு வரை ஓடவிட்டேன், அதற்கு வெட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் படம் வேண்டும். மற்ற 62 பக்கமும் கோட்டில் நின்றதால்தான் அந்தப் பக்கத்தில் தேர் ஓடியது.

அச்சுக்கு அனுப்பும் முன்

எட்டுப் பக்கத்தையாவது இரு பக்கமும் அடித்து, மடித்து, உண்மையாகவே பின் அடித்துப் பாருங்கள். உள் ஓரத்தில் எழுத்து முழுசாகத் தெரிகிறதா, கட்டைவிரல் வைக்க இடம் இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் தமிழ் மட்டும் படிப்பவராகவும் ஒருவர் மலையாளம் மட்டும் படிப்பவராகவும் இருந்தால் நல்லது.

பிறகு ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும். முன்பக்க வரியின் மேலேயே பின்பக்க வரி விழுந்து, வரிகளுக்கு நடுவே வெள்ளை சுத்தமாக இருந்தால் கட்டம் சரி. நிழல் வரி இரண்டு வரிக்கு நடுவே எங்காவது தெரிந்தால் அந்தப் பக்கத்தில் யாரோ ஆட்டோ லீடிங்கை விட்டுவைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் வாழ்த்துரைப் பக்கம்தான். கடைசி நாளில் வந்து, அவசரமாக ஒட்டியது.